ஆக்சில் முறிந்த ஜீப்பை மலையிலிருந்து இறக்குவது எப்படி?

கேள்வி: மலைத்தடத்தில் பழைய ஜீப்பின் பின் ஆக்சில் ஷாஃப்ட் (பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) முறிந்தால், கூட வந்த இரண்டு வண்டிகளை வைத்தே இழுத்து இறக்கிவிடலாமா?

பதில்: ஆக்சில் வகையைப் பொறுத்தது. அதற்கு முன் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுங்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் கைபிரேக், டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்புறம்தான் பிடிக்கும். ஷாஃப்ட் முறிந்தபின் அந்தப் பிடி பின்சக்கரத்தை எட்டாது, வண்டி உருண்டுவிடும்.

ஹப்பின் (சக்கரம் பொருந்தும் நடுப்பாகம்) நடுவில் தனியாக ஒரு போல்ட் வட்டம் தெரிந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங். பாரத்தை ஹப்பே தாங்கும் என்பதால் ஷாஃப்டை உருவி எடுத்துவிடலாம். உள்ளே நிற்கும் துண்டைக் காந்தத்தால் எடுங்கள். சில்லு ஒன்று தங்கினாலும் கிரவுன் வீல் (ஆக்சில் நடுவிலுள்ள பெரிய பல்சக்கரம்) பல் போய்விடும். ஹப்பின் துளையைத் தகடு வைத்து அடைத்து, பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) கழற்றி, ஃபோர்வீல் போட்டால் முன்சக்கரங்களே இழுக்கும். மெதுவாக வரலாம்.

மற்ற வகையான செமி ஃப்ளோட்டிங்கில் சக்கரம் ஷாஃப்டோடு சேர்ந்தது; முறிந்தால் வெளியே நழுவக்கூடும். உருட்டவே கூடாது. அந்தச் சக்கரத்தைக் கழற்றி, பத்தடி நீளமுள்ள கனத்த மரத்தை ஆக்சில் குழாய்க்கு அடியில் கொடுங்கள். முன்முனையைச் சேசிஸில் சங்கிலியால் கட்டுங்கள். பின்முனை தரையில் இழுபடட்டும். சாலை வரை இதுபோதும், பிறகு லாரிதான்.

இறக்கத்தில் ஒரு வண்டி முன்னால். மற்றது பின்னால் ஜீப்போடு கட்டிய இழுவைப் பட்டையை இறுக்கிப் பிடித்தபடி வரவேண்டும். நீளும் கயிறு இங்கே உதவாது, ஆபத்தும்கூட. கொக்கியை டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டை) மாட்டாதீர்கள். அந்த உருண்டை உடைந்தால் குண்டுபோல் பாயும். பிரேக் பூஸ்டர் (எஞ்சின் ஓடும்போது பிரேக் மிதிக்க உதவும் கருவி) உள்ள ஜீப்பானால் அதன் எஞ்சின் ஓடியபடியே இருக்கட்டும்.