இரண்டு குறுவாள்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய வாள்கலை பற்றிய கட்டுரையில் நீளவாளும் குறுவாளும் சேர்ந்த ஜோடியைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தீர்கள். அனிமேக்களில் ஒரே அளவுள்ள இரண்டு குறுவாள்களோடு சண்டையிடுபவர்கள் வருகிறார்களே, அப்படி ஒரு மரபு உண்டா? நண்பர் ஒருவரோடு 55 செ.மீ. மரவாள்கள் இரண்டை வைத்துப் பழகுகிறேன். அவர் நீள மரவாளால் தலைக்கு வெட்டும்போது ஒவ்வொரு முறையும் என் தடுப்பு உடைகிறது. எங்கே தவறு?

எம்.

அன்புள்ள எம்.,

தடுப்பிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டு கைகளும் சேர்ந்து இறக்கும் வெட்டை ஒற்றைக் கையால் நிறுத்த முடியாது. வாளைக் குறுக்கே பிடித்தால் முழு விசையும் மணிக்கட்டில் விழும், மணிக்கட்டு மடங்கும், உங்கள் வாளே உங்கள் தலையில் இடிக்கும். வெட்டை நிறுத்தக் கூடாது, வழியவிட வேண்டும். இந்த முறையின் ஜப்பானியப் பெயரான ‘உகெ நாகாஷி’ என்ற சொல்லுக்கே வாங்கி ஓடவிடுவது என்றுதான் பொருள்.

ஜப்பானிய வாள்கலையான கெண்டோவுக்கு 1912-ல் வகுக்கப்பட்ட கதாவில், அதாவது இருவர் சேர்ந்து பழகும் நிலையான பாடத் தொகுப்பில், நீளவாளுக்கு 7 பாடங்கள், குறுவாளுக்கு 3. குறுவாளின் முதல் பாடம் உங்கள் சிக்கலுக்கே எழுதியதுபோல இருக்கும். எதிராளி ஓங்கிய வாளை இறக்கும்போது வலது காலை வலப்பக்கம் சாய்வாக முன்னே வைக்கிறீர்கள். உடல் வெட்டின் கோட்டைவிட்டு விலகுகிறது. அதே நேரத்தில் நுனி பின்னால் சரிந்திருக்க, வாள் தலைக்கு மேல் எழுகிறது. வெட்டு வாளின் பக்கவாட்டு மேட்டில் பட்டு, ஓட்டில் விழுந்த மழைநீர்போல இறங்கிப் போகிறது. உடனே அவர் தலைக்கு உங்கள் வெட்டு. கை முதலில் எழுந்து கால் பிந்துவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. கால் நகராமல் கை எவ்வளவு அழகாக எழுந்தாலும் பயனில்லை.

இரண்டு வாள்களையும் பெருக்கல் குறிபோல் வைத்துத் தடுக்கலாமே என்று தோன்றும். வெட்டு நிற்கவும் செய்யும். ஆனால் இரண்டும் மேலே மாட்டிக்கொள்ள, விலா திறந்து கிடக்கும்.

இனி மரபு. 17-ஆம் நூற்றாண்டு வாள்வீரர் மியாமோதோ முசாஷியின் நித்தென் இச்சி ர்யூவில் (ர்யூ என்றால் வாள்கலைப் பள்ளி) இரட்டை வாளுக்கு 5 பாடங்கள் உண்டு. எல்லாவற்றிலும் வலக்கையில் நீளவாள், இடக்கையில் குறுவாள். கதோரி ஷின்தோ ர்யூவின் 4 இரட்டைவாள் பாடங்களிலும் நீளமும் குட்டையும்தான். குறுவாளுக்குப் பேர்போன சூஜோ ர்யூவும், அதில் புகழ்பெற்ற வாள்வீரர் தோதா செய்கெனும் ஒற்றைக் குறுவாளுக்கே அறியப்பட்டவர்கள். இன்றைய கெண்டோவில் பெரியவர்களின் இரட்டைவாள் ஆட்டத்துக்கு ஒரு ஷினாய் (மூங்கில் வாள்) 114 செ.மீ.க்குள், மற்றது 62 செ.மீ.க்குள். சம அளவுக் குறுவாள் ஜோடியை அனிமேவின் கற்பனை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

காரணம் கையிலேயே இருக்கிறது. குறுவாள் வீரர் ஒரு தோளை முன்னே தள்ளிப் பக்கவாட்டாக நிற்பார், ஹன்மி என்பார்கள். வாளில் இழந்த நீளத்தில் கொஞ்சத்தைத் தோள் மீட்டுத் தருகிறது. இரண்டு கைகளிலும் சம வாள்கள் இருந்தால் தோள்கள் நேராகத் திரும்பிவிடும், அந்த நீளமும் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு இடக்கை. கதாவின் இரண்டாம், மூன்றாம் குறுவாள் பாடங்களில் நெருங்கியதும் வெறும் இடக்கை எதிராளியின் கையை முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து அடக்குகிறது. குறுவாளின் உண்மையான துணை ஆயுதம் அந்தக் கைதான். அதில் இன்னொரு வாளைத் திணித்தால் பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

இரட்டை வாளுக்கே பெயர்போன முசாஷி, தன் ‘கோரின் நோ ஷோ’ நூலின் ‘காற்றுச் சுருள்’ என்ற பகுதியில் குறுவாளையே நம்பும் பள்ளிகளைக் கண்டிக்கிறார். எதிராளியின் இடைவெளியில் புகக் காத்திருப்பவன் எப்போதும் பின்தங்கியே செயல்படுவான், பலர் சூழ்ந்தால் அது உதவாது என்பது அவர் வாதம். அதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

ஆனாலும் பழகுங்கள், இடக்கைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. இரண்டு வாள்களையும் ஒரே நேரத்தில் வீசாதீர்கள், ஒன்றோடொன்று மோதும். ஒன்று எதிராளியின் வாளை அழுத்தட்டும், மற்றது வெட்டட்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இறுகப் பிடிக்க, ஆள்காட்டி விரல் தளர்ந்திருக்கட்டும். இடக்கையில் வாளின் வெட்டும் விளிம்பு சாய்ந்தால் வெட்டு வெறும் அடியாகிவிடும், ஆகவே தனியாக மெதுவாக வீசி அதைச் சரிபாருங்கள்.

நண்பர் தலைக்கவசம் இல்லாத உங்களை வேகமாக வெட்ட வேண்டாம். தரையில் அவர் வெட்டின் கோட்டைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டு, வாள் இறங்கி முடியும்போது உங்கள் இரண்டு பாதங்களும் அதற்கு வெளியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.