பிரஸ்ஸில் விரல் போனால் ‘கவனக்குறைவு’ என்று எழுதி முடித்துவிடலாமா?

கேள்வி: கோவையில் ஷீட் மெட்டல் பாகங்கள் அடிக்கும் ஒரு சின்ன யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எட்டு பவர் பிரஸ், இரண்டு ஷிஃப்ட். போன வாரம் இரவு ஷிஃப்டில் ஒரு பையனுக்கு 50 டன் பிரஸ்ஸில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு, மறுபடியும் பயிற்சி கொடுக்கப்பட்டது’ என்று அறிக்கை எழுதி, நாங்கள் சப்ளை செய்யும் கம்பெனிக்கு அனுப்பினோம். மூல காரணம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் கையை உள்ளே விட்டதுதானே காரணம்? வேறு என்ன எழுதுவது? எல்லா பிரஸ்ஸுக்கும் லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் ஒளிக்கதிர் மறைபட்டு, பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லும் கருவி) வாங்கிவிடலாமா என்று முதலாளி கேட்கிறார். இன்னொன்று, என் மச்சான் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். இந்த மாதிரி ஆய்வெல்லாம் அங்கேயும் உதவுமா?

பதில்: அறிக்கையை அப்புறம் பார்க்கலாம். அந்த பிரஸ் இப்போது ஓடுகிறதா? ஓடினால் இன்றைக்கே நிறுத்துங்கள். விபத்து நடந்த மறுநாளே மெக்கானிக் ஸ்பிரிங்கை முறுக்கி, மிதியைச் சரிசெய்து, டையையும் (தகட்டை வடிவமாக்கும் அச்சு) மாற்றி வேலையைத் தொடங்கிவிடுவது பல இடங்களில் வழக்கம். காரணத்தைக் காட்டக்கூடிய தடயம் அதோடு போய்விடும். உங்கள் பிரஸ்ஸில் ஏற்கெனவே கை வைத்துவிட்டார்கள் என்றால், எதை மாற்றினார்கள், எந்தப் பாகத்தைத் தூக்கிப் போட்டார்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஸ்கிராப் தொட்டியில் தேய்ந்த கீயோ (கிளட்ச்சில் சுழலும் சக்கரத்தையும் கிராங்க்கையும் இணைக்கும் துண்டு) உடைந்த ஸ்பிரிங்கோ கிடந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. அவன் கை உள்ளே இருந்தது உண்மை. ஆனால் கை உள்ளே இருந்ததால் மட்டும் விரல் போய்விடாது. அதே நொடியில் ரேம், அதாவது மேலிருந்து வந்து அடிக்கும் பகுதி, கீழே இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விபத்து. அதனால் விசாரணையை இரண்டு கிளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கை ஏன் உள்ளே போனது? ரேம் ஏன் இறங்கியது? ‘ஐந்து முறை ஏன் என்று கேள்’ என்ற முறையை உங்கள் கம்பெனிக்காரர்கள் கேட்டிருப்பார்கள். அதை ஒரே கோடாகப் போட்டால், பெரும்பாலும் ஐந்தாவது கேள்வியில் ‘பயிற்சி போதவில்லை’ என்று வந்து நின்றுவிடும். கிளை பிரித்தால் அப்படி நிற்காது.

முதல் கிளைக்கு, அந்தப் பையனிடம் ‘ஏன் கை விட்டாய்?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு யாரும் தலையைக் குனிந்துகொள்ளத்தான் செய்வார்கள். ‘பீஸ் டையில் ஒட்டிக்கொண்டால் வழக்கமாக எப்படி எடுப்பீர்கள்?’ என்று கேளுங்கள். அவனிடம் மட்டும் போதாது, அதே டையை ஓட்டும் பகல் ஷிஃப்ட் ஆபரேட்டரிடமும் கேளுங்கள். அவரும் கையால்தான் எடுக்கிறார் என்றால், நான்கு மாதப் பையன் செய்தது உங்கள் ஷாப்பில் எல்லோரும் செய்யும் வேலைமுறை. அப்புறம் டையைப் பாருங்கள். பீஸைத் தள்ளிவிட எஜெக்டர் இருக்கிறதா, அடித்த பீஸை டையிலிருந்து பிரித்துவிடும் ஸ்டிரிப்பர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, எண்ணெய் அதிகமாகிப் பீஸ் ஒட்டுகிறதா? கை உள்ளே போகாமல் மறிக்கும் தடுப்பு, அதாவது கார்டு எங்கே? சுவரோரம் தூசி படிந்து கிடந்தால் அது எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரியும். புது டை உயரமாக இருப்பதால் கார்டு பொருந்தவில்லை, டை மாட்டும் செட்டர் கழற்றி வைத்தார், டார்கெட் நெருக்கியதால் அப்படியே ஓட்டினார்கள் என்ற கதையை நான் பார்த்த யூனிட்டுகளில் அடிக்கடி கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது கிளையை நிறைய பேர் தொடுவதே இல்லை. மிதிக்கு மேலே மூடி இருக்கிறதா? இல்லையென்றால் கீழே விழுந்த ஒரு பீஸோ, தெரியாமல் பட்ட காலோ ரேமை இறக்கிவிடும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர் மிதியிலிருந்து காலை எடுப்பதே இல்லை. ஒவ்வொரு தடவையும் எடுத்து வைத்தால் எண்ணிக்கை குறையும். அடுத்தது டபுள் அடி. ஒரு முறை மிதித்தால் இரண்டு அடி விழுவது. கீ கிளட்ச் பிரஸ்ஸில் கீ தேய்ந்தாலோ, அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, பிரேக் லைனிங் போனாலோ இது வரும். டையைக் கழற்றிவிட்டு, யாரையும் பக்கத்தில் விடாமல், மெக்கானிக்கை வைத்துப் பல முறை மிதித்து விட்டுப் பாருங்கள். ஒரே ஒரு தடவை இரண்டாவது அடி விழுந்தாலும் போதும், உங்கள் அறிக்கை முழுவதும் மாறிவிடும். அடி முடிந்தது என்று நம்பித்தான் அவன் கையை நீட்டியிருப்பான்.

இப்படிப் பார்ப்பது தொழிலாளிக்குப் பரிந்து பேசுவதற்காக இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே சக்கரம் மடங்கி விழுந்தன. விமானியின் தவறு என்றே எழுதி வந்தார்கள். அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். இறக்கை மடலுக்கான (ஃப்ளாப்) கைப்பிடியும் சக்கரத்துக்கான கைப்பிடியும் பக்கத்துப் பக்கத்தில், தொட்டால் ஒரே மாதிரி இருந்தன. சக்கரக் கைப்பிடி முனையில் சின்ன ரப்பர் சக்கரமும், மற்றதில் மடல் வடிவத் துண்டும் பொருத்தச் சொன்னார். குழப்பம் நின்றது. சக்கரக் கைப்பிடி தொட்டாலே தெரியும்படி சக்கர வடிவில் இருக்க வேண்டும் என்பது இன்றும் விமானங்களில் விதி. விமானிகளுக்கு மறுபயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் விமானங்களும் விழுந்துகொண்டே இருந்திருக்கும்.

லைட் கர்ட்டன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். உங்கள் பிரஸ் கீ கிளட்ச்சா, ஃப்ரிக்‌ஷன் கிளட்ச்சா? கீ கிளட்ச்சில் கீ ஒரு முறை மாட்டிவிட்டால் கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் நிற்கும். நடுவில் யாரும் நிறுத்த முடியாது. லைட் கர்ட்டன் கையைப் பார்த்து சிக்னல் கொடுக்கும், ரேம் பாட்டுக்கு இறங்கும். காசும் போய், பாதுகாப்பு இருக்கிறது என்ற பொய்யான தைரியமும் வந்துவிடும். அந்த வகை பிரஸ்ஸுக்கு, கை உள்ளே போகவே முடியாதபடி டையைச் சுற்றிப் பொருத்தும் நிலையான கார்டும், தகட்டைச் சரிவில் தள்ளிவிடும் வழியும், பீஸை வெளியே தள்ள எஜெக்டரோ ஏர் புளோவரோதான் சரி. இடுக்கியும் காந்தப் பிடியும் கூடவே இருக்கட்டும், ஆனால் கார்டுக்குப் பதிலாக அவை மட்டும் போதாது. ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் என்றால் ரேமை நடுவிலேயே நிறுத்த முடியும், அதனால் லைட் கர்ட்டன் போடலாம். அப்போதும் தூரக் கணக்கு உண்டு. கை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் பாயும் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். ரேம் நிற்க 0.3 நொடி ஆகிறது என்றால் அதற்குள் கை 48 சென்டிமீட்டர் போய்விடும். கர்ட்டன் டையிலிருந்து குறைந்தது அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பிரேக் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும், அதனால் அதை அளந்துகொண்டே இருக்க வேண்டும். விற்க வருகிறவரிடம் ‘எங்கள் பிரஸ் நிற்கும் நேரத்தை அளந்து காட்டுங்கள்’ என்று கேளுங்கள். தயங்கினால் அவரிடம் வாங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: இரவு ஷிஃப்ட். 1988 ஜூலை 6 அன்று, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் பகல் ஷிஃப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, குழாய் வாயில் தற்காலிகமாக ஒரு தகட்டை வைத்து மூடியிருந்தார்கள். வேலை முடியவில்லை. இரவில் இன்னொரு பம்ப் நின்றுபோனது. வால்வு கழற்றியிருப்பது இரவு ஆட்களுக்குத் தெரியாது. அதற்கான அனுமதிச் சீட்டு வேறு இடத்தில் இருந்தது. முதல் பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது, 167 பேர் இறந்தார்கள். உங்கள் ஷாப்பில் பகலில் செட்டர் கார்டைக் கழற்றினால், எட்டு மணிக்கு வரும் பையனுக்கு அது எப்படித் தெரியும்? பிரஸ்ஸிலேயே பூட்டும் சிவப்பு டேகும் தொங்க வேண்டும், சாவி கழற்றியவரிடம் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

தெரிந்தவர் வாய் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். 1977-இல் தெனெரீஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். முன்னால் உள்ள விமானம் விலகிவிட்டதா என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று சீனியர் கேப்டன் அடித்துச் சொன்னதும் பேச்சு நின்றது. உங்கள் ஹெல்ப்பர் வேறு மொழி பேசுகிறவராக இருந்தால், ‘அண்ணா, டபுள் அடி விழுது’ என்று சொல்ல அவருக்கு வாயும் வேண்டும், துணிச்சலும் வேண்டும். சொன்னவரைத் திட்டாத ஃபோர்மேன் வேண்டும். இதற்கு முன்னால் யாராவது அந்த பிரஸ்ஸைப் பற்றிச் சொன்னார்களா? கேட்டு, பதிலை அப்படியே அறிக்கையில் போடுங்கள். போபாலில் 1984 நச்சுவாயு விபத்துக்கு முன்பே, 1981-இல் அதே ஆலையில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். 1984-இல் நச்சுவாயு வந்த இரவில் குளிரூட்டும் அமைப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. கழற்றி ஓரமாக வைத்த கார்டும் இந்த வகைதான்.

மச்சான் விஷயத்தில் முறை அதேதான், ஆனால் அங்கே ஆபத்து வேறு. சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கினால் நொடிகளில் உயிர் போகலாம். அடியில் தங்கிய சேற்றைக் கிளறும்போதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். மேலே நின்று அளந்தபோது சரியாக இருந்தது என்பது போதாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். ஒருவர் மயங்கியதும் அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார், அவரும் போவார். ஆள் இறங்காமலே பம்ப் வைத்து எடுக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. இறங்கியே ஆக வேண்டும் என்றால், காற்று புளோவர், வாயு அளக்கும் மீட்டர் உடம்பிலேயே, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறங்கவே கூடாது, இடுப்புவார், வெளியிலிருந்தே தூக்கும் முக்காலி, மேலே நகராமல் நிற்கும் ஒருவர். இதில் ஒன்று இல்லை என்றாலும் இறங்க மாட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும். இதை அவரிடம் இன்றே போனில் சொல்லிவிடுங்கள்.

ஆபத்துக்கு, நடக்கும் வாய்ப்பையும் விளைவையும் வைத்து மதிப்பெண் போடும் அட்டவணையையும் கம்பெனி கேட்கும். போடுங்கள். ஆனால் ‘ஐந்து வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை’ என்று வாய்ப்புக்கு 1 போட்டு மொத்தத்தைக் குறைக்கும் வேலை வேண்டாம். விரலோ உயிரோ போகக்கூடிய இடத்தில் விளைவை மட்டும் பார்த்து முடிவெடுங்கள். முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரி எந்த பிரஸ்ஸுக்கு அதிகம் போகிறது என்று ஹெல்ப்பரிடம் கேட்டால், அலுவலகத்தில் உட்கார்ந்து போடும் மதிப்பெண்ணைவிட அது நன்றாகச் சொல்லும்.

அறிக்கையில் கடைசியில் வர வேண்டிய வாக்கியம் இந்த மாதிரி இருக்கட்டும்: ‘புது டைக்குக் கார்டு பொருந்தாததால் கழற்றி ஓட்டப்பட்டது, பீஸ் ஒட்டுவதால் கையால் எடுக்க வேண்டியிருந்தது, மிதிக்கு மூடி இல்லை, கீ தேய்ந்து டபுள் அடி விழுந்தது.’ உங்கள் ஷாப்பில் எது உண்மையோ அதை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார், எந்தத் தேதிக்குள் என்று போடுங்கள். பையனிடம் ‘என் கவனக்குறைவுதான்’ என்று எழுதி வாங்கியிருந்தால் கிழித்துப் போடுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் இஎஸ்ஐ-க்கும் விபத்துத் தகவல் போய்விட்டதா என்று பாருங்கள். அவன் சம்பளம் நிற்கும் நாட்களுக்கான உதவித்தொகை இஎஸ்ஐ-யில்தான் இருக்கிறது.

கார்டு போட்ட பிறகு ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு இரவு ஷிஃப்டுக்குப் போய்ப் பாருங்கள். கார்டு பிரஸ்ஸிலேயே இருந்தால் நல்லது. கழற்றியிருந்தால் ஆளைத் திட்டாமல், அது எண்ணிக்கையை எவ்வளவு குறைக்கிறது என்று கேட்டு, ஃபீடிங்கையும் டார்கெட்டையும் சரிசெய்யுங்கள்.