பழைய கணினிக்கு எந்த லினக்ஸ்? – வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்ததிலிருந்து, விண்டோஸுக்கு மாற்றாக, பல வகைகளில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் பழைய கணினியில் போடலாமா என்று கேட்டு இந்தப் பகுதிக்குத் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி இன்னும் வீட்டில் இருக்கிறது. ரேம் 2 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 320 ஜிபி. ஆன் செய்தால் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் என்று இரண்டு பெயர்கள் வரும். இரண்டாவதை நாங்கள் ஒருநாளும் திறந்ததில்லை. விண்டோஸ் இப்போது மிகவும் மெதுவாகிவிட்டது. இந்தப் பதிப்புக்கு இனி மேம்படுத்தல் கிடையாது என்று உலாவியும் சொல்கிறது. தமிழில் கட்டுரை தட்டச்சு செய்ய வேண்டும், நாளிதழ் படிக்க வேண்டும், மின்னஞ்சல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். லுபுண்டு, மின்ட், பப்பி என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதைப் போடலாம்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி

பதில்: முதலில், நீங்கள் திறக்காமலே விட்ட அந்த இரண்டாவது பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாஸ் என்பது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகத் தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளுக்குள் லினக்ஸ் அப்போதே வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. ஆனால் அன்று நிறுவப்பட்ட அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் எப்போதோ நின்றுவிட்டதால், அதைக் கொண்டு இப்போது இணையத்துக்குள் போகாதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்த லினக்ஸ் என்று கேட்கும் எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது, உலாவியில் ஒரே நேரத்தில் எத்தனை பக்கங்களைத் திறந்துவைப்பீர்கள் என்பதைத்தான். ஐஸ்டபிள்யூஎம் என்ற சிறிய சாளர மேலாளரோடு வரும் ஆன்டிஎக்ஸ், திரை வந்து நின்றதும் ஏறத்தாழ கால் ஜிபி ரேமை எடுத்துக்கொள்ளும்; எல்எக்ஸ்கியூடி மேசைத்தளம் (திரையில் தெரியும் பட்டியல்களும் சாளரங்களும் சேர்ந்த தொகுப்பு) கொண்ட லுபுண்டு அரை ஜிபி அளவிலும், எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம் கொண்ட மின்ட் முக்கால் ஜிபியை ஒட்டியும் எடுக்கும். இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு மொத்தமாகவே அரை ஜிபிதான். விளம்பரங்களும் தானாக ஓடும் காணொளிகளும் நிறைந்த ஒரு நாளிதழின் முகப்புப் பக்கத்தைத் திறந்தீர்களானால், அந்த அரை ஜிபியை அது ஒன்றே விழுங்கிவிடும். ரேம் நிரம்பியதும் கணினி மீதியை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கத் தொடங்கும். அப்போது டிஸ்க்கின் சிறு விளக்கு அணையாமல் எரியும், சுட்டி அசையாது, தட்டிய எழுத்து சற்று நேரம் கழித்தே திரையில் வரும். எந்த லினக்ஸைப் போட்டாலும் இந்த நிலை வரத்தான் செய்யும். இலகுவானது என்றால் கொஞ்சம் தாமதமாக வரும்.

ஆகவே, கையில் செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் அதை இந்த இரண்டில் போடுங்கள். முதலாவது, 4 ஜிபி ரேம். உங்கள் மடிக்கணினியில் இருப்பது பெரும்பாலும் டிடிஆர்3 வகையாக இருக்கும். அதிலேயே குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் டிடிஆர்3எல் என்ற வகையும் உண்டு என்பதால், பழைய ரேமைக் கழற்றிக் கடைக்கே எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவது நல்லது. இரண்டாவது, ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்திலேயே பொருந்தக்கூடிய 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம். கணினி திறக்க ஆகும் நேரம் குறைவதை முதல் நாளே கண்ணால் பார்ப்பீர்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஓர் உறையில் போட்டு வைத்துக்கொண்டால், மகளின் பழைய படங்கள் அதிலேயே பத்திரமாக இருக்கும். இவ்விரண்டையும் செய்துவிட்டு லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். குறைந்தது 2 ஜிபி, வசதியாக வேலை செய்ய 4 ஜிபி ரேம் வேண்டும் என்பது மின்ட் குழுவினரே தரும் கணக்கு. இந்தப் பதிப்புக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு மேம்படுத்தல்கள் கிடைக்கும். புதிதாக வருபவருக்கு இதன் பட்டியல்களும் அமைப்புகளும் குழப்பம் தராமல் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

செலவு செய்ய இயலாது என்றால் லுபுண்டு போடுங்கள். 24.04 பதிப்புக்கு 2027 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. ரேமில் உள்ளதைச் சுருக்கி அடுக்கிவைக்கும் இசட்-ரேம் என்ற வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். உலாவியில் விளம்பரத் தடுப்பி ஒன்றையும் சேர்த்துக்கொண்டு, ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் திறக்காமல் இருந்தால், நீங்கள் சொன்ன மூன்று வேலைகளும் நடக்கும்.

எதை நிறுவுவதானாலும், முதலில் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். கணினியில் எதையும் அழிக்காமல் அரை மணி நேரம் சோதித்துவிடலாம்: வைஃபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, மூடியை மூடித் திறந்தால் திரை திரும்பி வருகிறதா என்ற மூன்றையும் கட்டாயம் பார்த்துவிடுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாமே மெதுவாகத்தான் இருக்கும் என்பதால் வேகத்தை அதில் எடை போட வேண்டாம். செயலி, இந்த லினக்ஸ்கள் கேட்கும் 64 பிட் வகைதானா என்ற ஐயமும் அதிலேயே தீர்ந்துவிடும். இல்லையென்றால் 64 பிட் லினக்ஸ் தொடக்கத்திலேயே அதைத் தெரிவித்துவிட்டு நின்றுவிடும்.

தமிழ்த் தட்டச்சுக்கு மின்ட்டில் 'இன்புட் மெத்தட்' என்ற பகுதிக்குள் போய்த் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தேவையானவற்றை அதுவே நிறுவிக்கொள்ளும். தமிழ்99, பழைய தட்டச்சுப் பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை எல்லாம் அதில் உண்டு. தமிழாசிரியரான உங்களுக்கு நான் பரிந்துரைப்பது 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99. அதில் 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகளைத் தட்டினால் போதும். ஒரே மெய் இரண்டு முறை அடுத்தடுத்து வருவதைக் கண்டு புள்ளியை அதுவே வைத்துவிடும். நம் எழுத்திலக்கணத்தையே விசைப்பலகைக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பழகிய ஒரு வாரத்தில் உணர்வீர்கள்.

கேள்வி: பப்பி லினக்ஸ் முழுவதும் ரேமிலேயே ஓடும் என்கிறார்களே, அப்படியானால் கணினியை நிறுத்தியதும் நாம் எழுதியதெல்லாம் போய்விடாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: போகாது. முதல் முறை நிறுத்தும்போதே சேமிப்புக் கோப்பு ஒன்றை உருவாக்கவா என்று பப்பி கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை எல்லாம் விட்ட இடத்தில் இருக்கும். 2003-இல் ஆஸ்திரேலியாவின் பேரி காலர் தொடங்கிய அருமையான முயற்சி அது. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போன கணினியிலிருந்து படங்களையும் கோப்புகளையும் மீட்க என் பையில் எப்போதும் ஒரு பப்பி பென் டிரைவ் இருக்கும். ஆனால் அது பயனரை முழு நிர்வாகி உரிமையோடு இயங்க வைப்பதால், வீட்டில் பலரும் பயன்படுத்தும் அன்றாடக் கணினிக்கு நான் அதைச் சொல்வதில்லை.

கேள்வி: ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். ஆறாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. கணக்கு டேலியில் இருக்கிறது. இந்தக் கணினியில் விண்டோஸ் 11 வராது என்று சொல்லிவிட்டார்கள். லினக்ஸுக்கு மாறிவிடலாமா?
– வணிகர், ஈரோடு

பதில்: இந்தக் கணினியில் மாற வேண்டாம். விண்டோஸ் 11 இன்டெலின் எட்டாம் தலைமுறைச் செயலியையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் கேட்பதால் உங்களுக்குச் சொன்னது சரிதான். ஆனால் டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. வைன் போன்ற இடைமென்பொருளைக் கொண்டு லினக்ஸில் அதை இயக்கிப் பார்க்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி நாளில் அது திறக்காமல் போனால் அபராதம் கட்டப்போவது நீங்கள்தான் என்பதால், அந்தச் சோதனையைக் கடைக் கணக்கின் மேல் செய்யாதீர்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருந்தால் அதன் மென்பொருளையும் தனியே பார்க்க வேண்டியிருக்கும்.

உங்களுக்கு உள்ள வழி வேறு. தனிப்பயனர்களின் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசாஃப்ட் தருகிறது. அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குள் கணக்குக்கென ஒரு கணினியை மாற்றத் திட்டமிடுங்கள். மாற்றிய பிறகு, பழையதை விலைப்பட்டியல் எழுதவும் மின்னஞ்சலுக்கும் மின்ட் போட்டு வைத்துக்கொள்ளலாம். ஆறாம் தலைமுறைச் செயலி அதற்குத் தாராளம்.

அப்போது அச்சுப்பொறியை மறக்காமல் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் காணப்படும் எச்பி லேசர்ஜெட் 1020, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தன் உள்மென்பொருளைக் கணினியிலிருந்து வாங்கிக்கொள்ளும் வகை என்பதால், எச்பி அச்சுப்பொறிகளை லினக்ஸில் இயக்கும் எச்பி-லிப் தொகுப்போடு அதற்கான கூடுதல் செருகியையும் இறக்கினால்தான் வேலை செய்யும். கேனான் எல்பிபி 2900 கேப்ட் என்ற தனி மொழியில் பேசுவதால் அதை லினக்ஸில் அமைப்பதற்கு இன்னும் கூடுதல் பொறுமை வேண்டும். தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: மாமா கொடுத்த சிறிய நெட்புக் ஒன்று இருக்கிறது. ஆட்டம் என்270 செயலி, 1 ஜிபி ரேம். ஆன்லைன் வகுப்புக்குப் பயன்படுத்த எந்த லினக்ஸ் போடலாம் அண்ணா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: தங்கையே, ஆன்லைன் வகுப்புக்கு அது உதவாது, அதற்காக உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம். என்270 என்பது 2008-இல் வந்த 32 பிட் செயலி. 32 பிட் கணினிகளுக்கான கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன: கூகுள் குரோம் 2016-இலேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கான நிறுவி இல்லை, ஃபயர்பாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காரணம் ஒன்றுதான்: சோதித்துப் பார்க்கவும் பிழை திருத்தவும் அந்த வகைக் கணினி வைத்திருக்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

ஆனாலும் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-இன் 32 பிட் பதிப்பை நிறுவினால், குறிப்பெடுக்கவும், பிடிஎஃப் படிக்கவும், பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிப் பழகவும் அது போதுமானது. கட்டளைகள் வழியாகக் கணினியோடு பேசக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கருவி கிடைக்காது. தவறாக ஏதாவது செய்து எல்லாம் அழிந்தாலும் கால் மணி நேரத்தில் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம் என்ற துணிச்சல் புதுக் கணினியில் வருவதில்லை.

கேள்வி: நீங்கள் முன்பு சொன்னபடி பழைய மேசைக் கணினியில் மின்ட் போட்டேன். முதல் நாள் நன்றாக இருந்தது. மறுநாள் காலையிலிருந்து எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கை வருகிறது, மேம்படுத்தலும் நடக்கவில்லை. லினக்ஸ் என் கணினிக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?
– மின்வாரிய ஊழியர், விருதுநகர்

பதில்: திரையின் மூலையில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதி அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். இரவில் மின் இணைப்பை முழுவதும் நிறுத்திவிட்டுப் போவீர்களானால், கணினியின் கடிகாரத்தை ஓடவைப்பது தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் ஒன்றுதான். அது தீர்ந்துபோனதால், தொழிற்சாலையில் வைத்த தேதிக்குக் கணினி திரும்பிவிடுகிறது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தேதியிலிருந்துதான் செல்லும். அந்தத் தேதி இன்னும் வரவில்லை என்று உங்கள் கணினி நம்புவதால் எல்லாவற்றையும் மறுக்கிறது. மேம்படுத்தல் நடக்காததற்கும் அதுவே காரணம்.

இப்போதைக்குத் தேதியைக் கையால் சரிசெய்யுங்கள். எச்சரிக்கை உடனே மறைந்துவிடும். பிறகு மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பக்கப் பலகையைத் திறந்து, சிஆர்2032 என்று பொறித்த மின்கலத்தை அதன் பிடியிலிருந்து நெம்பி எடுங்கள். கைக்கடிகாரக் கடையிலேயே புதியது கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி பொருத்திவிட்டு, முதல் முறை ஆன் செய்யும்போது பயாஸ் எனப்படும் தொடக்க அமைப்புத் திரைக்குள் போய்த் தேதியை அமையுங்கள். பென் டிரைவிலிருந்து தொடங்கும்படி நீங்கள் முன்பு ஏதாவது மாற்றியிருந்தால் அதுவும் அழிந்திருக்கும் என்பதால் அந்த வரிசையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.