பைத்தானில் ஓட்டிய கணக்கை ஆய்வுக் கட்டுரை மாதிரி எழுதுவது எப்படி?

லாஜிஸ்டிக் சமன்பாட்டை (அடுத்த மதிப்பு = r × x × (1 − x); x இப்போதைய மதிப்பு, r வளர்ச்சி விகிதம்) பைத்தானில் ஓட்டி, ஒவ்வொரு r-க்கும் x கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று காட்டும் படமும் எடுத்துவிட்டீர்கள், இடுபணியாக எழுதத்தான் வரவில்லை என்கிறீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவத்துக்குக் கணித டியூசன் எடுக்கிறேன், என் பிள்ளைகளும் இதையேதான் கேட்பார்கள்: "சார், படம் வந்துருச்சு. இனி என்னா எழுதுறது?"

செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லாதீர்கள். ஒரு கேள்வியைப் பிடியுங்கள். 'லாஜிஸ்டிக் சமன்பாடு: ஓர் ஆய்வு' என்பது வெறும் தலைப்பு. 'வளர்ச்சி விகிதம் எத்தனை ஆகும்போது ஒற்றைக் கோடு இரண்டாகப் பிரிகிறது?' என்று கேட்டால் எழுத விஷயம் கிடைக்கும். விடை 3. இதைக் கணினியே இல்லாமல் நிறுவலாம்: நிலைப்புள்ளியில் (ஓட்டினாலும் மாறாமல் அப்படியே நிற்கும் மதிப்பில்) வகைக்கெழுவின் அளவு 1-ஐத் தாண்டும் இடம் அதுதான். அடுத்த பிரிவு 1+√6, ஏறக்குறைய 3.449. கொஞ்சம் மெனக்கெட்டால் அதுவும் கைக்கணக்கில் வரும். பிரிவுகள் போய்க் குவியும் 3.5699 அப்படி இல்லை, கணினியில் ஓட்டிக் கண்ட எண். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதினால் திருத்துகிறவர் அங்கேதான் சிவப்பு மையைக் கொட்டுவார்.

செய்முறைப் பகுதியைத்தான் பலர் நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். தொடக்க மதிப்பு என்ன, எத்தனை படி ஓட்டினீர்கள், முதலில் எத்தனை படியைக் கழித்தீர்கள், எல்லாம் வேண்டும். முதல் 100 படியை மட்டும் கழித்துப் பாருங்கள், 2.99-லேயே கோடு பிரிந்த மாதிரி தெரியும். அங்கே நிலைப்புள்ளியை நெருங்கிய பிறகு ஒவ்வொரு படிக்கும் விலகல் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் குறைகிறது. அந்த வேகத்தில் 100 படி போனாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் இருக்கும். 1000 படியைக் கழித்தால் கோடு ஒன்றாகிவிடும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, காரணத்தை எழுதுங்கள். முழு இடுபணியிலும் உங்கள் சொந்தச் சரக்கு என்று சொல்லத் தக்கது அந்த அரைப் பக்கம்தான்.

விகிதம் 4-இல் இன்னொரு வேடிக்கை. அடைப்பைப் பிரித்து எழுதினால் ஒன்று, பிரிக்காமல் எழுதினால் ஒன்று என்று, ஐம்பது அறுபது படிக்குள் விடைகள் திசை மாறிப் போய்விடும். கணினி 16 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்கிறது, பிழையோ படிக்குப் படி சராசரியாக இரட்டிக்கிறது. அதனால் சூத்திரத்தை எந்த வடிவில் கொடுத்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். புரோகிராம் பின்னிணைப்பில் போதும்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். சூழலியலாளர் ராபர்ட் மே 1976-இல் 'நேச்சர்' இதழில் இந்தச் சமன்பாட்டை உயிரினப் பெருக்கத்தோடு சேர்த்துப் பேசியதைச் சொல்லலாம். எலி பிடிக்க ஆந்தைக்கூடு வைத்த செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உடனே எலிக்கணக்கு எழுதக் கை துறுதுறுக்கும். எலியை யாரும் எண்ணிப் பார்க்காதபோது அதை முடிவுரைக்குக் கொண்டுபோகாதீர்கள்.