முதுகு மொட்டையானால் முதலில் சேவலைப் பாருங்க

கோபி பக்கம் ஆறு பெட்டைக்கு இரண்டு சேவல் வைத்திருப்பதாகவும், நான்கு கோழிக்கு முதுகிலும் பின்கழுத்திலும் இறகே இல்லை, இது நோயா என்றும் கேட்டிருந்தீங்க. எனக்கு நோயாகத் தெரியலைங்க. சேவல் மிதிக்கும்போது நகம் படுவது முதுகில், அலகால் பிடிப்பது பின்கழுத்தை, அந்த இரண்டு இடம் மட்டும் வழித்துவிட்டது போல இருந்தால் சேவல் வேலைதான். ஒரு சேவலுக்கு எட்டு பத்துப் பெட்டையாவது வேண்டும், அதனால் ஒன்றை விற்றுவிடுங்க, மனசு வராவிட்டால் தனிக் கொடாப்பில் அடைங்க. தோல் கிழிந்த கோழியையும் பிரித்து வைங்க, ரத்தத்தைக் கண்டால் மற்றதெல்லாம் விடாமல் கொத்தும்.

ஆனாலும் ராத்திரி ஒரு தடவை டார்ச் அடித்து, கோழியையும் அது அடையும் கட்டையின் இடுக்கையும் பார்த்துவிடுங்க, செள்ளு என்கிற ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி பகலெல்லாம் இடுக்கில் ஒளிந்திருந்து இருட்டியதும்தான் மேலே ஏறும். பின்பக்க இறகை விலக்கும்போது அடித்தண்டில் வெள்ளையாகக் கொத்துக்கொத்தாய் ஒட்டியிருந்தால் அது பேன்முட்டை. எங்கள் கோழிக்குப் போன வருஷம் மருந்து ஒருமுறை போட்டதோடு விட்டுவிட்டேன், பத்து நாளில் பேன்முட்டை பொரிந்து பேன் திரும்ப வந்துவிட்டது. கால்நடை டாக்டரைக் கேட்டு இரண்டாம் முறையும் கட்டாயம் போடுங்க.

அப்புறம் தீனி. இறகு பெரும்பாலும் புரதம்தான், கம்பும் சோளமும் மட்டும் போதாது, கரையான் பிடித்துப் போடுங்க. ஒடிந்த தண்டைப் பிடுங்க வேண்டாம், அடுத்த இறகுதிர்ப்பில் அது தானாக விழுந்து புதுசு முளைக்கும்.