குரூசேடர் கிங்ஸ் 3: மருமக்கத்தாயத்தை மோடுக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: கூடலூரில் வசிக்கிறேன். இடைக்கால அரச வம்சங்களை நடத்தும் கணினி விளையாட்டான குரூசேடர் கிங்ஸ் 3இல், 1178ஆம் ஆண்டுத் தொடக்கத்தை வைத்து மலபார் அரச குடும்பங்களுக்காக ஒரு மோட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கோப்புத் தொகுப்பு) செய்துகொண்டிருக்கிறேன். சாமூதிரி (பிற்காலக் கோழிக்கோட்டு அரசர்), வேணாடு (பின்னாளில் திருவிதாங்கூர்), கொச்சி மூன்றிலும் மருமக்கத்தாய முறைப்படி பட்டம் சகோதரியின் மகனுக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் தாய்வழித் திருமணத்தைப் போட்டேன். முதல் அரசர் இறந்ததுமே ஆட்டம் முடிந்துவிடுகிறது. பெண்களுக்கு முன்னுரிமை தரும் சட்டத்தைப் போட்டால் மகள் அரியணை ஏறுகிறாள். வழி என்ன? நீலகிரி மேட்டை எந்த அரசின் கீழ் வைப்பது என்பதிலும் குழப்பம்.

பதில்: பாதித் தூரம் சரியாகவே வந்திருக்கிறீர்கள். தாய்வழித் திருமணத்தில் பிறக்கும் பிள்ளை தாயின் குடும்பத்தைச் சேர்கிறது. ஆனால் உங்கள் வாரிசுச் சட்டம் இன்னும் இறந்தவரின் பிள்ளைகளைத்தான் தேடிப்போகிறது. மூத்த மகனைக் கண்டுபிடித்துப் பட்டத்தை அவனிடம் கொடுக்கிறது. அவனோ தாயின் குடும்பத்தான், வேறு வம்சத்தான். உங்கள் வம்சத்தில் ஆள்வதற்கு யாரும் மிச்சமில்லை என்று விளையாட்டு கதவைச் சாத்திவிடுகிறது. பெண் முன்னுரிமைச் சட்டத்திலும் இதே சிக்கல்தான்: அது மகனா மகளா என்பதை மட்டும் தீர்மானிக்கும், தேடும் இடத்தை மாற்றாது.

மருமக்கத்தாயத்தில் சொத்தும் பட்டமும் தரவாட்டுக்கு, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்துக்கு, உரியவை. குடும்பத்தின் மூத்த ஆணான காரணவர் தம் காலம் வரை அவற்றை நிர்வகிக்கிறார். அவருடைய மகன் வேறொரு தரவாட்டுப் பிள்ளை. எனவே இந்த முறையில் முதலில் எழும் கேள்வி 'இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் யார்?' என்பது, 'அவர்களில் மூத்தவர் யார்?' என்பது இரண்டாவது. மோடையும் இந்த வரிசையிலேயே கட்டுங்கள். சகோதரி மகனைத் தேடிப் பிடிக்கத் தனியாக ஒரு நிரல் எழுத வேண்டியதே இல்லை. குடும்பத்தைச் சரியாக அமைத்துவிட்டால் வாரிசு தானாக வந்து நிற்பான்.

விளையாட்டிலேயே இதற்கான சட்டம் இருக்கிறது. குடும்பத்தின் மூத்த உறுப்பினரே வாரிசு என்னும் 'ஹவுஸ் சீனியாரிட்டி'தான் அது. வாரிசுச் சட்டக் கோப்பில் அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள். மூத்த மகன் சட்டத்தில் 'டிராவர்சல் ஆர்டர்' என்ற வரிக்கு எதிரே பிள்ளைகள் என்ற பொருளில் 'சில்ட்ரன்' என்று இருக்கும். இதில் குடும்பம் என்ற பொருளில் 'டைனஸ்டி ஹவுஸ்' என்று இருக்கும். இந்த ஒரு வரிதான் தேடும் இடத்தைத் தீர்மானிக்கிறது. இத்துடன் ஆண்களுக்கு மட்டும் என்ற பாலினச் சட்டத்தையும் தாய்வழித் திருமணத்தையும் சேருங்கள். அரசர் இறந்தால் அவருடைய தம்பி, தம்பி இல்லையென்றால் சகோதரியின் மூத்த மகன் என்று பட்டம் இறங்கும். மகன்கள் பட்டியலிலேயே வரமாட்டார்கள். நிலமும் துண்டாகாது.

இயல்பான ஆட்டத்தில் இந்தச் சட்டம் எல்லோருக்கும் தொடக்கத்திலேயே கிடைப்பதில்லை. பண்பாட்டு வளர்ச்சியோடு சேர்த்துப் பூட்டிவைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியைப் பிரதி எடுத்து, வேறு பெயர் கொடுத்து, அதே சட்டக் குழுவுக்குள் வையுங்கள். மலையாளப் பண்பாட்டுக்கு நிபந்தனையில்லாமல் திறந்துவிடுங்கள். 1178இல் இது பொருந்துமா என்ற தயக்கம் வேண்டாம். மகோதயபுரத்துச் சேரப் பெருமாள்களின் ஆட்சி அந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே முடிந்துவிட்டது. நாடுவாழிகள் எனப்படும் சிற்றரசர்கள் தனித்து நின்ற காலம் அது. 1340களில் மலபாருக்கு வந்த இப்னு பதூதா, இங்குள்ள அரசர்கள் ஆட்சியைத் தம் பிள்ளைகளுக்கு விடாமல் சகோதரியின் மகனுக்கு விடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். விளையாட்டு 1453 வரை போகிறது என்பதால் இந்தச் சான்று உங்கள் காலத்துக்குள்ளேயே விழுகிறது.

அடுத்து சாமூதிரி. உங்கள் மோடில் மிக அழகாக வரக்கூடிய பகுதி இதுதான், சிரமமும் இங்கேதான். 1178இல் அவரைக் கோழிக்கோட்டில் உட்கார வைக்காதீர்கள். அப்போது அவர் நெடியிருப்பைத் தலையிடமாகக் கொண்ட ஏறநாட்டு உடையவர். கோழிக்கோடு அங்கே ஆண்ட போர்லாத்திரிகளிடமிருந்து பின்னர் கைப்பற்றப்பட்டது; அதை ஆட்டக்காரரே சாதிக்கும்படி விட்டால்தான் சுவை. பிற்காலத்தில் அந்தக் குடும்பம் கிழக்கே கோவிலகம், படிஞ்ஞாறே கோவிலகம், புதிய கோவிலகம் என மூன்றாகப் பிரிந்தது. மூன்றிலும் சேர்த்து வயதில் மூத்த ஆணே சாமூதிரி. இந்த மூன்றையும் விளையாட்டில் கிளைக் குடும்பங்களாக அமைத்துவிட்டு 'டைனஸ்டி ஹவுஸ்' என்றே விட்டால், சட்டம் இறந்தவரின் கோவிலகத்தை மட்டும் பார்க்கும். மற்ற இரண்டும் நிரந்தரமாக வெளியே நிற்கும். உங்கள் பிரதியில் அந்த வரியை 'டைனஸ்டி' என்று மாற்றி, தேடலை வம்சம் முழுவதற்கும் விரித்துவிடுங்கள். கொச்சிக்கும் இதுவே பொருந்தும். பெரும்படப்பு சுவரூபம் எனப்படும் கொச்சி அரச குடும்பத்திலும் பல தாவழிகளில் (தாய்வழிக் கிளைகளில்) மூத்தவரே அரசரானார்.

சாமூதிரிக்குக் கீழே, அரியணைக்கு அடுத்தடுத்து நிற்பவர்களுக்கான ஸ்தானங்கள் உண்டு. இரண்டாமவர் ஏறால்பாடு, மூன்றாமவர் மூனால்பாடு, அடுத்து எடத்தறால்பாடு, ஐந்தாவதாக இன்னொருவர். ஒவ்வொரு ஸ்தானத்துக்கும் தனி நிலமும் வருவாயும் இருந்தன. ஏறால்பாட்டின் இருப்பிடம் கரிம்புழை. சாமூதிரி காலமானால் எல்லோரும் ஒரு படி ஏறுவார்கள். இவற்றை நான்கு தனிப் பட்டங்களாக உருவாக்கி, எல்லாவற்றுக்கும் அதே மூத்தவர் சட்டத்தைப் போட்டால் போதும் என்று தோன்றும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. சாமூதிரி உயிருடன் இருக்கும்போது ஏறால்பாடு இறந்தால், வம்சத்தில் மூத்தவர் யார்? சாமூதிரியேதான். கரிம்புழை அவரிடம் போய்விடும். இப்படி நான்கு மரணங்கள் நடந்தால் நான்கு ஸ்தானங்களும் அவர் மடியில் கிடக்கும்.

இதற்கு ஒரே ஒரு விதி போதும்: மேல் ஸ்தானத்தை வைத்திருப்பவர் கையில் கீழ் ஸ்தானம் ஒன்று சேர்ந்தால், அது உடனே அடுத்தவருக்குப் போக வேண்டும். பட்டம் கைமாறும்போது இயங்கும் நிகழ்வில் இதை எழுதுங்கள். ஏறால்பாடு இறந்து கரிம்புழை சாமூதிரியிடம் வந்தால், நிகழ்வு அதை மூனால்பாட்டுக்குக் கொடுக்கும். இப்போது அவர் கையில் இரண்டு இருக்கும். அவருடைய பழைய ஸ்தானம் நான்காமவருக்கு நகரும். கடைசி ஸ்தானம், எந்த ஸ்தானமும் இல்லாத ஆண்களில் மூத்தவருக்குப் போகும். சாமூதிரியே இறந்து ஏறால்பாடு அரியணை ஏறும்போதும் இதே விதி வேலை செய்யும். இரண்டு நிலைமைக்கும் இரண்டு நிரல் எழுத வேண்டாம். இந்தக் கைமாற்றத்தைப் பரிசளிப்பாக அல்லாமல், பட்ட மாற்றத்துக்கென்று உள்ள முறையான கட்டளைத் தொகுதிக்குள் செய்யுங்கள். அப்போதுதான் கீழுள்ள குறுநிலத் தலைவர்களும் நிலத்தோடு சேர்ந்து வருவார்கள்.

வேணாட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. அந்த வம்சத்தின் மூத்த பெண்மணி ஆற்றிங்கல் ராணியாகத் தனி நிலம் ஆண்டார்; மார்த்தாண்ட வர்மர் காலத்தில்தான் அது திருவிதாங்கூரோடு கரைந்தது. ஆற்றிங்கலை விளையாட்டின் நிலப் பிரிவான கவுண்டி ஒன்றாகத் தனியே ஆக்கி, அதன் ராணிக்குப் பெண்களுக்கு மட்டும் என்ற பாலினச் சட்டத்தையும் அதே மூத்தவர் சட்டத்தையும் கொடுங்கள். ஒரே குடும்பத்தில் மூத்த ஆண் அரியணையிலும் மூத்த பெண் ஆற்றிங்கலிலும் அமர்வார்கள். நிரலில் சில வரிகள்தான். வரலாற்றுக்கு இவ்வளவு நெருக்கமாக வேறெதுவும் உங்கள் மோடில் அமையப்போவதில்லை.

சகோதரிகளை மறந்துவிடாதீர்கள். மருமக்கத்தாய மோட்கள் இரண்டு தலைமுறையில் வறண்டுபோவது பெரும்பாலும் இதனால்தான். கணினி இயக்கும் அரசர்கள் தங்கள் பிள்ளைகளின் திருமணத்தில் காட்டும் அக்கறையைச் சகோதரிகளிடம் காட்டுவதில்லை. அவர்கள் மணமாகாமல் இருந்தால் உங்கள் வம்சத்துக்கு அடுத்த தலைமுறையே கிடையாது. அரசருக்குப் பத்து மகன்கள் இருந்தும் பயனில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இயங்கும் நிகழ்வு ஒன்றை வையுங்கள்: வயதுவந்த, மணமாகாத குடும்பப் பெண் இருந்தால் தகுந்த கணவரைத் தேடி, கிடைக்காவிட்டால் உருவாக்கி, தாய்வழியில் மணமுடிக்கட்டும். கணவர் பெண்ணின் அவைக்கு வந்துவிடுவதால் குழந்தைகள் தாய் வீட்டிலேயே, மாமன் கண்முன் வளர்வார்கள். தொடக்கத் தேதிக்கு முன்பே மணமானவர்களைக் கதாபாத்திர வரலாற்றுக் கோப்பில் எழுதும்போது, சாதாரணத் துணைக் கட்டளையை விட்டுவிட்டு 'மேட்ரிலீனியல் ஸ்பவுஸ்' என்று முடியும் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

அப்படியும் பெண்வழி அற்றுப்போனால் தத்தெடுப்பு இருக்கிறது. திருவிதாங்கூர் அரச குடும்பம் கோலத்துநாட்டு வம்சத்திலிருந்து பெண்களைத் தத்தெடுத்துத் தன் வழியைத் தொடர்ந்தது. வாரிசுக்காகத் தத்தெடுக்கும்போதும் பெண்ணை எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆண் ஒருவனைத் தத்தெடுத்தால் அவனோடு வழி முடிந்துவிடும். எனவே உங்கள் தத்தெடுப்புத் தீர்மானத்தில் குழந்தை பெறும் வயதில் பெண் இல்லை என்பதே நிபந்தனையாக இருக்கட்டும். வரும் பெண்ணின் குடும்பத்தை மாற்ற ஒரே கட்டளை போதும்.

மகன்களுக்கு என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். தந்தை இறந்ததும் விளையாட்டு அவர்களுக்கு உரிமைக்கோரல் கொடுக்கும். முறைப்படி பார்த்தால் அதை அழித்துவிட வேண்டும். நான் அழிக்க மாட்டேன். 1729இல் மார்த்தாண்ட வர்மர் தம் மாமனுக்குப் பின் அரியணை ஏறியபோது, மாமனின் மகன்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அதை எதிர்த்து நின்றார்கள். எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்களின் துணையும் அவர்களுக்கு இருந்தது. முறையில் இடமில்லாத உரிமைக்கும் ஆள் சேரும். வலுவான கோரலை நீக்கிவிட்டு வலுவற்ற கோரலாக மாற்றிக் கொடுங்கள்.  

இன்னொரு பக்கவிளைவு: மூத்தவர் முறையில் எல்லோரும் வயதான பிறகே அரியணைக்கு வருவார்கள், சீக்கிரம் போவார்கள். குறுகிய ஆட்சிக்காக விளையாட்டு விதிக்கும் அதிருப்தி ஒவ்வொரு சாமூதிரியையும் வாட்டும். இந்தச் சட்டம் உள்ளவர்களுக்கு அதைப் பாதியாகக் குறையுங்கள்.

நீலகிரிக்கு வருவோம். இன்றைய மாவட்ட வரைபடத்தை வைத்து எல்லை போடாதீர்கள். உங்கள் கூடலூர் 1877 வரை மலபார் மாவட்டத்தின் வயநாட்டில் இருந்தது. 1969இல் கூடலூருக்கென்றே ஒரு ஜென்ம (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டம் வந்ததும், அங்குள்ள நிலப் பேச்சில் நிலம்பூர் கோவிலகம் என்ற நிலவுடைமைக் குடும்பத்தின் பெயர் அடிபடுவதும் அந்தப் பழைய உறவால்தான். நாடுகாணி வழியாக நிலம்பூருக்கு இறங்கும் பாதையைப் பார்த்தாலே நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும். எனவே கூடலூரை வயநாட்டின் ஒரு பாரனியாக (கவுண்டிக்குள் அடங்கும் சிறு பிரிவாக) வையுங்கள். மேட்டு நிலம் தனி. ஹொய்சாள விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அஞ்சவைத்து நீலமலையைக் கைப்பற்றியதாக 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு பேசுகிறது. 1178இல் ஹொய்சாள அரியணையில் இருப்பவர் இரண்டாம் வீர வல்லாளன். மேட்டை ஒரு தனிக் கவுண்டியாக்கி, சட்டப்படி கொங்கோடும் நடைமுறையில் வல்லாளனின் கீழும் வைப்பேன். இந்த இரண்டுக்கும் உள்ள முரண்பாடே ஆட்டத்தில் சண்டைக்கு வழி திறக்கும். அங்கே மருமக்கத்தாயத்தை நீட்டாதீர்கள். தோடர்களும் படுகர்களும் தந்தைவழியில் சொத்து விடுபவர்கள்.

சோதிக்கும்போது ஆட்டத்தை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டாம். டீபக் (பிழைத்திருத்த) முறையில் தொடங்கி, கடிகாரத்தை நிறுத்தியபடியே வாரிசுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் ஒரு மகன் பெயர் தென்பட்டால் அவனுடைய பெற்றோரின் திருமணம் தந்தைவழியில் பதிவாகியிருக்கிறது என்று பொருள். பிறகு கன்சோலில் (கட்டளை தட்டும் பெட்டியில்) சாமூதிரியைக் கொன்று ஸ்தானங்கள் நகர்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து, தொடக்கத்துக்குத் திரும்பிச் சாமூதிரியை விட்டுவிட்டு ஏறால்பாட்டை மட்டும் கொல்லுங்கள். மேலே சொன்ன பொறி அப்போதுதான் வெளிப்படும். பட்டப் பெயர்கள் திரையில் வராமல் வெறும் குறியீடாகத் தெரிந்தால், மொழிக் கோப்பை யூடிஎஃப்-8 பிஓஎம் வடிவில் மறுபடி சேமியுங்கள். கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற அந்தக் குறி இல்லாவிட்டால் விளையாட்டு அதைச் சரியாகப் படிக்காது.