எரிப்பதா, புதைப்பதா: உங்கள் கணக்கில் மீத்தேன் விட்டுப்போயிருக்கிறது

வணக்கம். ஒரு டன் கலப்புக் குப்பையை எரித்தால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு, புதைத்தால் எவ்வளவு என்று ஒப்பிட்டதில் புதைப்பதே மேல் என்று வந்ததாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்த முடிவோடு அறிக்கையை அனுப்பிவிடாதீர்கள்.

காற்றுப் புகாமல் அடியில் அமுங்கிக் கிடக்கும் காய்கறித் தோலும் காகிதமும் அழுகும்போது வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். வெளியான வாயு அடுத்த 100 ஆண்டில் மொத்தமாக எவ்வளவு சூடேற்றும் என்று பார்த்தால், அது அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கை ஒட்டிவரும். எந்தக் கணக்கை எடுத்தீர்கள் என்பதை அட்டவணைத் தலைப்பிலேயே போடுங்கள். குழாய் போட்டு வாயுவைப் பிடிக்கும் கிடங்கா, திறந்த குப்பைமேடா என்பதையும்.

அதற்காக எரிப்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. உணவுக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர்தான், அதை ஆவியாக்கவே வெப்பம் போய்விடும். நன்றாக எரிவது பிளாஸ்டிக். அதாவது பெட்ரோலியத்தையே எரிக்கிறோம். புகை வடிகட்டியில் சிக்கும் சாம்பலில் டையாக்சின் என்னும் நச்சுப்பொருள், ஈயம் எல்லாம் இருக்கும். அதையும் எங்காவது பாதுகாப்பாகப் புதைத்தாக வேண்டும்.

உங்கள் அட்டவணையில் ஈரக்குப்பையைத் தனியே பிரித்து உரமாக்கும் வழியே இல்லையே? அதைச் சேருங்கள். குவியலைக் கிளறிவிடுவதாக வைத்தே கணக்கிடுங்கள். கிளறாத குவியலைத் தோண்டினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மீத்தேனுக்கு வாசனை கிடையாது, ஆனால் அந்த நாற்றம் வந்தால் உள்ளே காற்றுப் புகவில்லை, அங்கேயும் மீத்தேன் உருவாகக்கூடும் என்று அர்த்தம்.